மூன்று பல் கூடுதல்

இராயக்கோட்டையில் விற்றவன் சொன்னான்:
இது யாருக்கும் ஆகாத வண்டி,
சந்தைக்குத் தக்காளிக்கூடை ஏற்ற முடியாது,
பெண்டாட்டியைப் பின்னால் ஏற்றினால்
இறங்கும்போது சண்டை.
எனக்குக் கூடையும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை.
இருபத்தாறாயிரத்தை எண்ணி முடித்து
என் உயரத்தை ஒருமுறை பார்த்தான்.

ஏறி உட்கார்ந்தால்
பூமி இன்னும் இருக்கிறதா என்று
பெருவிரல் மட்டும் தொட்டுப் பார்க்கும்.
ஆகவே முதலில் சீட்டு.
ரொட்டிக் கத்தியால் நுரைப்பஞ்சை
இரண்டு விரற்கடை அறுத்தேன்.
உறை தைத்தவர் பள்ளிப்பை தைக்கிறவர்,
கைப்பழக்கத்தில் ஓரத்தில் ஒரு ஜிப் வைத்துவிட்டார்.
நூற்றெண்பது ரூபாய். ஜிப் இனாம்.
அதற்குள் ஒரு ஸ்பார்க் பிளக்கும்
இன்னும் பழைய ஆள் பெயரிலேயே இருக்கும் ஆர்.சி.யும்.

ஓசூரில் கம்பெனி வேலை எனக்கு.
ஷிப்டுக்கு ஆயிரத்து நூறு திருகு,
எல்லாம் ஒரே திருகு.
துப்பாக்கி போல ஒன்று மேலிருந்து தொங்கும்.
முறுக்கு சரியென்றால் பச்சை விளக்கு,
மிஞ்சினால் சிவப்பு, பிறகு சூப்பர்வைசர்.
வீட்டு வாசலில் விளக்கு கிடையாது.
பத்தாம் நம்பர் ஸ்பேனரும் என் மணிக்கட்டும்.
இன்னும் கால் சுற்று தாங்குவாயா என்று
இரும்பிடமே கேட்க வேண்டும்.
கேட்கத் தெரிவதற்குள்
இரண்டு போல்ட் முறிந்தது.

கைக்காப்பு, நீல டிரம்மில் வெட்டியது.
இன்ஜினுக்கு அடியில்
பர்கூர் கிரானைட் பட்டறை கழித்துப்போட்ட ரம்பத் தகடு.
துளை போட்ட அப்ரோஸ் அண்ணன்
"கல்லை அறுத்தது, கல்லுக்குப் பயப்படாது" என்று
டீக்கு மேல் காசு வாங்கவில்லை.
போர்க் சீலில் தூசி போகாமலிருக்க
அக்கா மகனின் சாக்ஸ், விரல்பக்கம் நறுக்கி.
பெரிய செலவு ஒன்றே ஒன்று:
பின்சக்கரத்துக்குப் புதுப் பல்சக்கரம்,
மூன்று பல் கூடுதல்.
ரோட்டில் இனி எண்பதைத் தாண்டாது.
தெரிந்துதான் போட்டேன்.

"இதுல எங்க போவ?" என்றாள் அம்மா.
கெலமங்கலம் பக்கம் ஒரு கரட்டைக் காட்டினேன்.
"மேல என்ன இருக்கு?"
ஒன்றுமில்லை.
"ஒரு கோயில்கூடவா?"
இல்லம்மா.
கொஞ்ச நேரம் கரட்டையே பார்த்தாள்,
எனக்காக எதையாவது அங்கே கண்டுபிடிக்கிறவள் போல.

ஞாயிறு. ராகி அறுத்த கொல்லையோரம் நிறுத்தி
டயரில் பாதிக் காற்றை இறக்கினேன்.
முதல் பாறை வழுக்கியது.
இரண்டாவது, போனால் போகிறதென்று ஏற்றிவிட்டது.
அடியில் ரம்பத் தகடு கல்லில் உரசி
பழைய வேலை ஞாபகத்தில் அலறியது.
மூன்றாவதில் நானும் வண்டியும்
தனித்தனியாக உண்ணிச் செடிக்குள்.
பெட்ரோல் வாசனை. முழங்கையில் முள்.
நீலக் காப்பு இரண்டாகப் பிளந்திருந்தது,
கிளட்ச் லீவர் முழுசாக இருந்தது.
அந்த இடத்தில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

ஆடு ஓட்டிவந்தவர் நின்றார்.
"எதுனா தொலைச்சிட்டியாம்மா?"
இல்லை.
"பின்ன?"
பதில் யோசிப்பதற்குள்
ஹேண்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டார்.
"அட, கனமே இல்ல."
இவ்வளவு பணம் போட்டதில்
இதைவிடப் பாராட்டு கிடைக்கவில்லை.

முதல் கியரிலேயே,
நடக்கிறதா உருள்கிறதா என்று தெரியாத வேகத்தில்
அந்த மூன்று பல்லும்
ஒவ்வொன்றாகக் கடித்துக் கடித்து ஏற்றின.
உச்சியில் அவர் உட்கார்ந்திருந்தார்.
பதினேழு ஆடுகளும்.
வேறு வழியாக, எப்போதோ.
ஒரு குட்டி சைலன்சரை முகர்ந்து தும்மியது.

அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே
மனசுக்குள் அளந்தேன்:
டிரம்மில் இன்னும்
நாலு ஜோடிக் காப்பு வெட்டலாம்.